ருக்மணி போட்ட முடிச்சு

நகரியில் விசைத்தறி ஓட்டும் ருக்மணியின் உடம்பில் இரண்டு வியாதிகள் ஷிப்ட் முறையில் வேலை பார்த்தன. காலை ஷிப்ட் மூட்டுவலிக்கு. எழுந்ததும் விரல்கள் பலகாரம்போல உப்பியிருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிப்பதே ஒரு சாதனை. பத்தரை மணிக்கு மேல் அது மெல்ல இளகி விடைபெறும். சாயங்கால ஷிப்ட் தசைகளுக்கு. மூன்று மணி தாண்டினால் தோளும் தொடையும் துவண்டுவிடும். கையைத் தூக்கித் தலைவார முடியாது. தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரம்தான் அவளுடையது. அந்த நேரத்தில்தான் தறிக்குப் போய்வருவாள்.

திருப்பதியில் டாக்டரம்மா தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தடம் மாறி, மூட்டையும் தசையையும் ஒருசேரத் தாக்குகிறதாம். இதற்கு 'ஓவர்லாப்' என்று பெயராம்.

"ஒரே ஆளுக்கு ரெண்டா? ஒண்ணு பத்தாதா டாக்டரம்மா?"

"சில பேருக்கு அப்படி வரும்மா. அசையாம இருந்தா மூட்டு இறுகிடும். ரொம்ப உழைச்சா தசை ஓஞ்சிடும்."

"அப்போ நா நடக்கட்டுமா, குந்தட்டுமா?"

"கொஞ்சம் நட. கொஞ்சம் உக்காரு. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே."

வீட்டுக்கு வந்து கணவன் நாகபூஷணத்திடம் சொன்னாள். "ஒரே தறியில ரெண்டு பாவு நூலு ஏத்திட்டாங்களாம்."

"துணி கெட்டியா வரும் போ" என்றான் அவன்.

மாத்திரையில் முகம் உருண்டு பளபளத்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "நல்லா சதை போட்டுட்டியே ருக்கு, இன்னாத்த துன்ற?" என்று கேட்டார்கள். "காலையில ஆறு மாத்திரை, ராவுக்கு மூணு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் தம்பி பிரபாகருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஹரிதா, வடமாலபேட்டைத் தெலுங்குக் குடும்பம். நாராயணவனம் கோயிலில் தாலிகட்டு. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். ருக்மணி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாகக் காலை ஷிப்ட்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டும் அவன் அக்கா போடவேண்டும். பிரபாகருக்கு இருப்பது இந்த ஒரே அக்கா.

ஹரிதாவின் அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "எங்க சைடு மூணு முடிச்சும் மாப்பிள்ளையேதான் வேஸ்தாரு. உங்களுக்கு எந்துக்கு இந்தக் கஷ்டம், ருக்மணியம்மா?"

பிரபாகரும் பிடித்துக்கொண்டான். "ஆமாக்கா, நானே போட்டுடறேன். நீ பக்கத்துல நின்னுக்கினு இரு, போதும்."

"நின்னுக்கினு இருக்கறதுக்கு அங்க தூணு கீதுடா."



மறுநாளே ஒரு கட்டு மஞ்சள் கயிறு வாங்கினாள். தினமும் காலை ஆறரைக்கு நாகபூஷணத்தை முன்னால் உட்காரவைத்து, அவன் கழுத்தில் பயிற்சி. இறுகிய மூட்டோடு தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் பின்னால் முக்காலி போட்டுக்கொண்டாள். கை தோளுக்கு மேலே போகவேண்டியதில்லை. அந்தக் கணக்கு சரியாக வந்தது. விரல்கள்தான் வரவில்லை. முதல் வாரம் ஒரு முடிச்சுகூட நிற்கவில்லை. இரண்டாம் வாரம் ஒன்று நின்றது. அந்தச் சந்தோஷத்தில் கயிற்றைக் கழற்ற மறந்து டீக்கடைக்குப் போய்விட்டான் நாகபூஷணம்.

"இன்னா மாமா, உன்னிய யார் கட்டிக்கினாங்க?" என்று கடையே சிரித்தது.

"என் பொண்டாட்டிதான். ரெண்டாவது தபா" என்றானாம்.

கல்யாணத்தன்று நாலு மணிக்கே எழுந்து, வெந்நீர் வாளியில் கையை வைத்திருந்து, கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று நடந்தாள். விரல்கள் பாதி இளகின. மீதிக்கு நேரமில்லை. மேளம் உச்சத்துக்குப் போக, பிரபாகர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முக்காலியிலிருந்து ருக்மணி கையை நீட்டினாள்.

இரண்டாவது முடிச்சு தட்டுத்தடுமாறி நின்றுவிட்டது. மூன்றாவதுதான் வம்பு செய்தது. ஈர மஞ்சளில் கயிறு வழுக்கியது. ஒரு முறை நழுவியது. மறுமுறையும் நழுவியது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடியே அவளைப் பார்த்தார். ஐயர் சொன்ன மந்திரத்தையே மறுபடி சொன்னார். ஹரிதாவின் அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள். தறியில் இழை அறுந்தால் யாரும் கண்ணால் பார்த்து முடிச்சுப் போடுவதில்லை. ஒரு நுனிமேல் ஒரு நுனி, கட்டைவிரல் அழுத்த, ஒரு வளையம், ஒரு இழுப்பு. இருபது வருஷம் ஓடிய வழியில் விரல்கள் தாமாகவே ஓடின.

"வதினா, அயிந்தா?" என்று ஹரிதா குனிந்தபடியே நாத்தனாரைக் கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா."

அவளை முக்காலியிலிருந்து தூக்கிவிட ஒரு பக்கம் நாகபூஷணம் வந்தான். மறுபக்கம் வந்தது ஹரிதாவின் அம்மா.

மூன்றாம் மாதம், தாலிக்கயிறு மாற்றும் நாள். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு வடமாலபேட்டையிலிருந்து போன் வந்தது.

"ருக்மணியம்மா, இன்னா முடிச்சு இது? மேல இருக்கற மூணாவதே ராவட்லேது, அவுரவே மாட்டேங்குது! ஊசி விட்டுப் பார்த்தேன், எண்ணெ விட்டுப் பார்த்தேன். தாலிக்கயித்துல கத்தரி வைக்கக் கூடாதே. நல்ல நேரம் எட்டோட முடியுது!"

ருக்மணிக்குச் சிரிப்பு வந்தது. அன்று கண்ணை மூடிக்கொண்டு விரல்கள் போட்டது தறி முடிச்சு. ஆயிரம் முறை அடி வாங்கினாலும் நழுவாது.

"அது தறி முடிச்சும்மா. பழகின கைதான் அவுக்கணும். நா வரேன். ஆனா எட்டுக்கெல்லாம் ஆவாது. பதினொண்ணுக்கு மேலதான் என் விரலு பேச்சு கேக்கும்."

"பதினொண்ணா! பஞ்சாங்கம்..."

"பஞ்சாங்கத்துல வேற நேரம் இல்லாமலா பூடும்? பாருங்க."

மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம். யாரோ மூக்குக்கண்ணாடி தேடினார்கள். பிறகு ஹரிதாவின் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"பதினொண்ணே காலுக்கு ஒரு நல்ல நேரம் உந்தி."

"சரி. முக்காலி ஒண்ணு போட்டு வைங்க."