தாய்மாமனுக்கு மடி வேணும்

ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் எனக்கு வலிச்சது வயிறு இல்லை, தோள்பட்டை. வயித்துல ஓட்டை போட்டுட்டு தோள்பட்டையில ஏன் இந்தக் குத்து குத்துதுன்னு நான் போட்ட சத்தத்துல நர்ஸம்மா ஓடியாந்துச்சு. "ஆபரேசனுக்காக வயித்துக்குள்ள அடைச்ச காத்து சார், அப்படித்தான் மேல ஏறும். எந்திரிச்சு நடங்க, சரியாப் போயிரும்"ன்னுச்சு. நடந்தேன். மதுரையில அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல, ஒரு கையால குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு, இன்னொரு கையால பின்பக்கம் திறந்து கெடந்த கவுனைப் பொத்திக்கிட்டு, பந்தல்குடியில பரோட்டாக் கடை வச்சிருக்கிற பெரிய மனுசன் நடந்தேன். என் வீட்டம்மா பின்னாலயே வந்தா. சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

எடையைக் குறைக்கிற ஆபரேசன் அது. இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைச்சு விட்டுருவாக. சுகருக்காகப் பண்ணிக்கிறீங்களா, மூட்டு வலிக்காகவான்னு டாக்டரம்மா கேட்டப்ப ரெண்டுக்கும்தான்னு தலையை ஆட்டி வச்சேன். அசல் காரணத்தை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது? எனக்கு ஒரு மடி வேணும்.

எங்க பக்கம் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியிலதான் நடக்கணும். தாய்மாமன் மணையில சம்மணம் போட்டு உக்காரணும், பிள்ளையை மடியில வச்சுப் பிடிக்கணும். எனக்கு ஒரே தங்கச்சி, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு. அவ மூத்த மகனுக்குக் காது குத்தினப்ப நான் பட்டுச்சட்டை போட்டு, சீர்த்தட்டோட, மேளத்தோட போய் இறங்கினேன். மணையில உக்காரத்தான் முடியலை. எப்படியோ ரெண்டு பேரு பிடிச்சு உக்கார வச்சாக. மடி இருக்க வேண்டிய எடத்துல என் வயிறு உக்காந்திருந்துச்சு. பிள்ளையைத் தூக்கி வச்சாக, வழுக்கிக் கீழ போயிட்டான். மறுபடி வச்சாக, மறுபடி போனான். மொட்டை எடுக்க வந்தவரு கத்தியைக் கீழ வச்சுட்டு, "இது ஆகாதுய்யா, கழுத்துல பட்டுரும்"ன்னுட்டாரு. கடைசியில எங்க சித்தப்பா மகன், அவனும் மாமன் முறைதானே, அவன் மடியில வச்சு வேலையை முடிச்சாக. கூட்டமே சிரிச்சுச்சு. நானும் சேர்ந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

இப்ப அவ கடைக்குட்டிக்கு, மூணு வயசுப் பொண்ணுக்கு, மாசி சிவராத்திரிக்கு மறுநாள் குலசாமி கோயில்ல காதுகுத்துன்னு முடிவாச்சு. "இந்தத் தடவை என் மடியிலதான்"னு தங்கச்சிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டு, தை மாசம் போய் ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். எதுக்குப் படுத்தேன்னு அவகிட்டயும் சொல்லலை. அவ காதுல போட்டா ஆம்பளை பொம்பளை அத்தனை பேருக்கும் பொழுது சாயுறதுக்குள்ள தெரிஞ்சுபோகும். பரோட்டாக் கடைக்காரன் திங்க முடியாம வயித்தை வெட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா அப்புறம் எவன் நம்ம கடையில உக்காருவான்? என் தொப்பைதான் கடைக்கு போர்டு. தூத்துக்குடி ரோட்டுல போற லாரிக்காரக, ஓனரைப் பார்த்தா நம்பி உக்காரலாம்னு சொல்லி வண்டியை ஓரம் கட்டுவாக. அதனால யாரு கேட்டாலும் "வயித்துல ஒரு ஆபரேசன்"னு மட்டும் சொல்லு, மேல ஒரு வார்த்தை பேசாதன்னு வீட்டம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.

கடைக்குப் பின்னாடிதான் வீடு. சால்னா கொதிக்கிற வாசம் நேரா கட்டிலுக்கு வரும். எனக்கு வெறும் தண்ணி. அதையும் மடக்கு மடக்குன்னு குடிக்கக் கூடாது, சொட்டுச் சொட்டா உறிஞ்சணும். டம்ளரைக் குடுத்தா நான் அவசரப்படுறேன்னு வீட்டம்மா பரண்ல ஏறி ஒரு சாமானை எடுத்துட்டு வந்தா. பார்த்தா, எங்க பிள்ளைகளுக்குப் பால் ஊட்டின பாலாடை! "வாயைத் திறங்க"ங்கிறா. "ஏய், நான் என்ன தொட்டில்ல கெடக்கிற பிள்ளையா?"ன்னு கத்தினேன். "தொட்டில் தாங்காதுங்க, அதான் கட்டில்ல போட்டிருக்கேன்"னா. அன்னையிலிருந்து இளநீரு, வடிகட்டின பருப்புத்தண்ணி, தெளிஞ்ச மோரு எல்லாம் பாலாடையிலதான். புரோட்டீன் பவுடர்னு ஒண்ணு குடுத்திருந்தாக. சுண்ணாம்பைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கும். அதை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறக்குவேன். இறங்கினதும் ஒரு ஏப்பம் வரும் பாருங்க, கடையில பரோட்டா அடிக்கிற மாஸ்டர் அங்கிருந்து "என்ன மொதலாளி?"ம்பாரு.

அப்புறம் குழைச்ச சாப்பாட்டுக்கு மாத்தினாக. ஒரு இட்லி, அதுலயும் பாதி. அந்தப் பாதியைப் பிசைஞ்சு, நக்கி நக்கி, அரை மணி நேரம் தின்னேன். ஒரு காலத்துல அரை மணி நேரத்துல நான் என்னென்ன தின்னிருப்பேன்னு நெனைச்சா எனக்கே மலைப்பா இருக்கு. ஒருநாள் ஆசையில ஒரு வாய் கூட வச்சுட்டேன். நெஞ்சுக்குள்ள கல்லை வச்ச மாதிரி அடைச்சு, வேர்த்து ஊத்தி, கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தப்புறம்தான் உயிர் வந்துச்சு. "இன்னொரு வாய் வேணுமா?"ன்னு கேட்டா வீட்டம்மா.

ஆனாலும் நல்லாத்தான் இருந்துச்சு அந்த நாட்கள். விடியக்காலையில ரோட்டோரமா நடப்பேன். கருவேலங்காட்டுப் பக்கம் குளிர்ந்த காத்து வரும், மொளகாய் பழுத்துக் கெடக்கிற கரிசல் முழுக்க செவப்பா தெரியும். நாளாக ஆக வேட்டி இடுப்புல நிக்க மாட்டேன்னுச்சு. பெல்ட்டுல புது ஓட்டை போட்டேன், அதுக்கு உள்ள இன்னொரு ஓட்டை போட்டேன். வீட்டுக்குள்ள யாரும் பார்க்காதப்ப தரையில உக்காந்து சம்மணம் போட்டுப் பழகினேன். முதல்ல முட்டி மேல நின்னுச்சு. வீட்டம்மா தலகாணியை மடியில வச்சு, "இதுதான் உங்க மருமக, கீழ விடாம பிடிங்க"ம்பா. தலகாணி வழுக்கி விழாம நின்ன அன்னைக்கு ரெண்டு பேரும் கை தட்டிச் சிரிச்சோம். மறு செக்கப்புல டாக்டரம்மா, "பிள்ளையை நீங்க தூக்கக் கூடாது, வேற யாராவது தூக்கி மடியில வச்சா வச்சுக்கோங்க"ன்னு சொல்லிருச்சு. அது போதும் எனக்கு.

இதுக்குள்ள ஊரு தன் வேலையை ஆரம்பிச்சிருச்சு. வயித்துல ஆபரேசன், என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாக, ஆளு வாரத்துக்கு வாரம் மெலியுறாரு, சோறு எறங்கலை. இது போதாதா? எங்க பக்கம் அந்த நோயோட பேரை யாரும் வாயால சொல்ல மாட்டாக. "அந்த வியாதி"ம்பாக, அதுவும் குரலை இறக்கி. பாலவனத்தத்துல இருந்து எங்க அத்தை, அப்பாகூடப் பிறந்தவுக, ஹார்லிக்ஸு பாட்டிலோட வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு ஒப்பாரிக்குப் பாதி தூரம் போயிட்டாக. "மலை மாதிரி இருந்தியேய்யா, இப்படிக் கரைஞ்சு போனியே!"ன்னு அழுகுறாக. "நல்லாத்தான் இருக்கேன் அத்தை"ன்னு சொன்னா, "எனக்குத் தெரியும்யா, நீ தைரியசாலி"ன்னு இன்னும் ஓங்கி அழுகுறாக. அழுது முடிச்சுட்டு கடையில நாலு பரோட்டா சாப்பிட்டுட்டு பஸ்ஸு ஏறினாக. அடுத்தடுத்து ஆரஞ்சும் ரொட்டியுமா ஆளு வந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பேசாம இருப்போம், கொஞ்ச நாள்ல அடங்கிரும்னு விட்டுட்டேன்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் தங்கச்சி போன் பண்ணுச்சு. குரலே சரியில்லை. "அண்ணே, நீ சிரமப்பட வேணாம்ணே. காதுகுத்துக்கு வந்து உக்காந்து பார்த்தாப் போதும். சித்தப்பா மகன் மடியில வச்சுக்கிறலாம்னு எங்க மாமா சொல்றாக"ன்னுச்சு. மாமான்னா அவ மாமனாரு. நோவுல இருக்கிறவுக மடியில பச்சப்பிள்ளையை வைக்கிறது ஆகாதுன்னு அவுக வீட்டுப் பெரியவுக பேசி முடிச்சுட்டாகளாம். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "யாருக்குடி நோவு?"ன்னு கத்தினேன். அவ அழுதுக்கிட்டே போனை வச்சுட்டா. கத்தினது தையல்ல சுருக்குன்னு பிடிச்சு இழுத்துச்சு. வீட்டம்மா மட்டும், "இப்பவாச்சும் உள்ளதைச் சொல்லுங்க"ன்னா. நான் கடையைக் காட்டினேன். "கடையைக் கட்டிக்கிட்டு நீங்களே படுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

காதுகுத்து அன்னைக்குக் காலையில கோயில்ல நல்ல கூட்டம். பொங்கப் பானை ஒரு பக்கம், கிடா ஒரு பக்கம், குழாய் ரேடியோ சத்தம் ஒரு பக்கம். நான் சீர்த்தட்டோட, பட்டுப்பாவாடையோட, கம்மலோட போய் இறங்கினேன். பழைய பட்டுச்சட்டை என் மேல தொங்குது. பார்த்தவுக எல்லாம் "ப்ச்"சு கொட்டுறாக. மணையில சித்தப்பா மகன் ஏற்கெனவே உக்காந்திருந்தான். தங்கச்சி மாமனாரு வந்து என் கையைப் பிடிச்சு, பாவம் அவரு நல்ல மனுசன், "மாப்ள, நீங்க நாற்காலியில உக்காருங்க. உடம்பு முக்கியம்"னாரு. பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு எனக்குன்னு தனியா போட்டு, மேல துண்டு வேற விரிச்சு வச்சிருந்தாக.

அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கலை. "எனக்கு அந்த வியாதியும் இல்லை, எந்த வியாதியும் இல்லை!"ன்னு போட்டேன் ஒரு சத்தம். மேளக்காரரு அடிக்கிறதை நிப்பாட்டிட்டாரு. "குண்டைக் குறைக்கிறதுக்குத்தான் வயித்தை அறுத்தேன். இரைப்பையில முக்கால்வாசியை எடுத்துப் போட்டாச்சு. போன காதுகுத்துல மடி இல்லாம எல்லார் முன்னாடியும் நின்னேன்ல? அந்த மடிக்காகத்தான் அறுத்தேன். இப்ப வந்து நாற்காலியில உக்காருங்கிறீக!" பாலவனத்தத்து அத்தை மெதுவா, "ஏய்யா, அந்த வெட்டி எடுத்ததை என்னதான் செஞ்சாக?"ன்னு கேட்டாகளே பார்க்கணும். கூட்டம் வெடிச்சுச் சிரிச்சுச்சு. அத்தைக்கு மட்டும் பதில் வேணும், விடாம கேட்டுக்கிட்டே இருந்தாக.

தங்கச்சிதான் சிரிக்கலை. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து என் முதுகுல ரெண்டு சாத்து சாத்துனா. "அடப்பாவி அண்ணே! நீ செத்துப் போவேன்னு நெனைச்சு மூணு வெள்ளிக்கிழமையா மண்சோறு தின்னேனே! எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"ன்னு கேட்டுட்டு, என் தோள்லயே சாஞ்சு அழுதா. இலை போடாம, வெறுந்தரையில சோத்தைப் போட்டுத் தின்கிற நேர்த்திக்கடன் அது. நான் அரை இட்லியைப் பிசைஞ்சுக்கிட்டுக் கெடந்தப்ப இவ எனக்காகக் கோயில் தரையில சோறு தின்னிருக்கா. கடையாவது, போர்டாவது. எனக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு. "மன்னிச்சுருத்தா"ன்னேன். சித்தப்பா மகன் அதுக்குள்ள எந்திரிச்சு, "வாண்ணே, உன் எடம்"னு மணையைத் துடைச்சு விட்டான்.

வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கினேன். முட்டி ரெண்டும் சத்தம் போட்டுச்சு. சம்மணம் வந்துருச்சு. தங்கச்சி மாமனாரே பிள்ளையைத் தூக்கியாந்து மடியில வச்சாரு. எல்லாரும் குனிஞ்சு பார்க்குறாக. பிள்ளை வழுக்கலை. நல்லா, குழிஞ்சு, வசமா உக்காந்துச்சு. அண்ணாந்து என் மீசையைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு. தலையில தண்ணி பட்டதும் நெளிஞ்சுச்சு, கத்தி பட்டதும் அமைதியாயிருச்சு. ஆசாரி ஊசியை எடுத்ததும்தான் வீரிட்டுச்சு பாருங்க. என் நெஞ்சுல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு, சட்டையைக் கடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நானும் கூடவே அழுதேன். அத்தை, "குத்தினது உனக்கா பிள்ளைக்கா?"ன்னு கேட்டாக.

அழுத களைப்புல அப்படியே தூங்கிருச்சு. சந்தனம் பூசின மொட்டைத்தலை என் கை மேல கெடக்கு. கிடாக்கறி வெந்த வாசம் பந்தல் முழுக்க அடிக்குது. முதல் பந்திக்கு இலை போட்டாச்சுன்னு வந்து கூப்பிட்டாக. விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் முதல் பந்தியைத் தவற விட்டதில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்கப்பா"ன்னேன். "பிள்ளை முழிச்சிரும். நான் இப்படியே இருக்கேன்."