எறும்பும் அதிமதுரமும் கெடுத்த கல்யாண வாழ்த்து

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன்!

இது என் முதல் பதிவு. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். (தேநீர் ஆறிவிட்டது. போகட்டும்!)

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்தில், எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. அறுபத்தெட்டு வயதில் அங்கே போய்த்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

நீலாய் நகரத்தில் வேலை செய்யும் என் கடைசி மகள் மலருக்கு இது தெரியாது. அவளுடைய கல்யாண மேடையில், நானே எழுதிய வாழ்த்தை நானே வாசித்து அவளை அசத்த நினைத்தேன்.

தினமும் சத்தமாக வாசித்துப் பழகியதில் தொண்டை கட்டிக்கொண்டது. அதிமதுரத்தைக் கொதிக்க வைத்துக் குடித்தேன்.

குரல் வந்தது. கொஞ்ச நாளில் சிறுநீரும் வந்தது! குழாயைத் திறந்துவிட்டது போல, நிறமே இல்லாமல்.

என் மனைவி அஞ்சலையின் அண்ணன் ஆறுமுகம் உடனே முடிவு சொல்லிவிட்டார்.

"மச்சான், இது இனிப்பு நீருதான்லா, சீனி வியாதி! கிளினிக்கெல்லாம் எதுக்கு? மரத்தடியில போயிட்டு வா. எறும்பு வருதான்னு பாப்போம்."

எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் செய்துவந்த பரிசோதனை அது. போனேன். எறும்பு வரிசை கட்டி வந்தது!

"பாத்தியா? கன்ஃபர்ம்!"

(செம்பனை மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும், எறும்பு எப்போதும் இருக்கும். அந்த மரத்திலேயே வேலை செய்து கிழவர்களான எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.)

அஞ்சலை சட்டம் போட்டாள். "சீனி கெடையாது. வாழப்பழம் கெடையாது. எளநி பக்கமே போவக்கூடாது."

"அப்ப தேத்தண்ணி?"

"அதான் அதிமதுரம் இருக்கே, இனிப்பாத்தான இருக்கு? அதப் போட்டுக் குடிங்க."

குடித்தேன். காலை, மதியம், மாலை.

சிறுநீர் இன்னும் கூடியது. கால்கள் துவண்டன. கல்யாணத்துக்கு முதல் நாள் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். "ஐயா, சீனி நார்மல். இனிப்பு நீர் இல்ல. பொட்டாசியம்தான் ரொம்ப எறங்கிருச்சு. என்ன குடிச்சீங்க?"

அஞ்சலை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணிய வீணா விடாதன்னு மூளையிலேர்ந்து ஒரு ஹார்மோன் வந்து கிட்னிக்குச் சொல்லும். பொட்டாசியம் கொறஞ்சா கிட்னி அந்தப் பேச்சக் கேக்காது. சிறுநீர் கெட்டியாகாம தண்ணியாவே போயிரும்."

"அதிமதுரம் என்னம்மா பண்ணுச்சு?"

"உப்பப் புடிச்சு வைக்கிற ஹார்மோன் ஒண்ணு இருக்கு. அது நெறைய இருக்குற மாதிரி கிட்னிய ஏமாத்திருச்சு. கிட்னி உப்ப வச்சிக்கிட்டு, பொட்டாசியத்த வெளிய தள்ளிருச்சு. பிரஷரும் ஏறிருக்கு. பொட்டாசியம் உள்ள வாழப்பழம், எளநியையும் நிறுத்திட்டீங்க!"

"எறும்பு வந்துச்சேம்மா?"

"எந்த மரத்தடியில?"

"செம்பனை."

"எறும்புக்கு டிகிரி குடுத்தது யாருங்க ஐயா?"

எல்லோரும் சிரித்தோம். "சரிம்மா, நாளைக்கு எம் மக கல்யாணம். காலையில விட்ருவீங்கல்ல?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "இதயத் துடிப்பு சரியா இல்லைங்க ஐயா. விட முடியாது."

மறுநாள் கையில் டிரிப்போடு படுத்துக்கொண்டு கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்தேன். நான் கொடுத்தனுப்பிய வாழ்த்து அட்டையை ஆறுமுகம் வாசித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வரி வரவில்லை! அட்டையில் இடம் போதாமல் அதை ஓரத்தில் குட்டி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தேன். மச்சான் கண்ணுக்கு அது படவில்லை.

'இது உன் அப்பா தன் கையால் எழுதியது' என்பதுதான் அந்த வரி.

கைதட்டல் ஓய்ந்ததும் மலர் போனை வாங்கினாள். "அப்பா, அழுதுட்டேன்பா! யாருப்பா இவ்ளோ அழகா எழுதிக் குடுத்தா?"

வாய் திறந்தேன். அடிவயிறு முந்திக்கொண்டது.

"இரும்மா, வந்துர்றேன்."

டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வருவதற்குள் வீடியோ கால் கட்டாகியிருந்தது. பதிலை எழுதியே சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

அவள் கடைசி மகள். அப்படி ஒரு மேடை எனக்கு இனி இல்லை.

நண்பர்களே, அடிக்கடி சிறுநீர் போனால் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் குடிக்கும் மூலிகையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலர், எழுதிக் கொடுத்தது யாருமில்லை அம்மா.

நான்தான் எழுதினேன். இதையும்!