யானை முதுகில் ஒரு வெற்றிருக்கை

ஸிம்பாப்வேயில் யானைச் சவாரிக்கு இருவருக்கென்று இடம் பதிந்திருந்தோம்: எனக்கும் என் தங்கைக்கும். நான் லண்டனின் பிளேஸ்டோ பகுதியில் தனியே வாழ்பவள், மணம் செய்துகொள்ளவில்லை. அவள் அதே நகரின் பார்க்கிங் பகுதியில் கணவனோடும் மக்களோடும் இருக்கிறாள். இடையில் இருப்பவை சில ரயில் நிலையங்களே. ஆயினும் நாங்கள் இருவர் மட்டும் அமர்ந்து பேசி ஆண்டுகள் பலவாகிவிட்டன. கலியாண மண்டபத்தில் காண்போம். கோயில் வரிசையில் காண்போம். அங்கே பேச்சு, வந்தவர்களைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே எனக்கு யானை பெரிதன்று. அதன்மேல் எனக்குப் பின்னால் அவள் அமரப்போகிறாள் என்பதே பெரிது.

புறப்படுவதற்குச் சற்று முன்னர் ரொறன்ரோவில் அவள் கணவனின் பெரியப்பா காலமானார். அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, நான் வரேல்லை. செத்தவீட்டுத் துடக்கு.”

“துடக்கெண்டால் கோயிலுக்குத்தானே போகக்கூடாது? இது காடு.”

“துடக்கோட பிள்ளையாரில ஏறேலுமே?”

“அது ஆபிரிக்கா யானையடி. அதுக்குத் துடக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியுமெல்லோ! நீங்கள் போங்கோ. உங்களுக்கென்ன, கேக்க ஒருத்தருமில்லை, நினைச்ச நேரம் பறக்கலாம். எனக்கொரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

அவள் அதை வாழ்த்தாகவே சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

அங்கே, யானைமேல் ஏறுவதற்கென்று உயரமாக ஒரு மரமேடை கட்டியிருந்தார்கள். எல்லோரும் சோடி சோடியாக நின்றார்கள். சேணத்தில் பாகனுக்குப் பின்னால் இரண்டு இருக்கைகள் இருந்தன. என் முறை வந்ததும், எண்ணிப் பாராமலே, சப்பாத்தைக் கழற்றினேன்.

“போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, முட்கிளைகள் காலைக் கிழிக்கும்” என்றார் பாகன், ஆங்கிலத்தில்.

“எங்கள் வீட்டில் இவரைக் கும்பிடுவோம்.”

“எங்கள் வீட்டில் இவர் சோளத்தையெல்லாம் தின்றுவிட்டுப் போவார்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயினும் காலுறையோடுதான் ஏறினேன்; சப்பாத்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

யானை நடந்தபோது என் உடல் முழுதும் மெல்ல ஒருபுறம் சாய்ந்தது. பிறகு மறுபுறம் சாய்ந்தது. அதன் முதுகு மயிர் காலுறையைத் துளைத்துக் குத்தியது. உலர்ந்த புல்வெளி வானம்வரை விரிந்து கிடந்தது. திடீரென அது காதுகளை விரித்தது. எங்கள் வீட்டில் சாமிபடங்கள் வைக்கும் சாமித்தட்டுப் பிள்ளையாருக்குக்கூட அத்தனை பெரிய காதில்லை.

“பாரடி, காது சுளகு மாதிரி!” என்று திரும்பினேன்.

பின்னிருக்கையில் வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன சொன்னீர்கள்?” என்று பாகன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சுளகு என்றால் அரிசி புடைக்கும் முறம் என்று முதலில் சொல்ல வேண்டும். சாமித்தட்டைச் சொல்ல வேண்டும். பிறகு அவளைச் சொல்ல வேண்டும். சவாரி அவ்வளவு நீளமானதன்று.

லண்டனுக்குத் திரும்பியபின், துடக்குக் கழியும்வரை பொறுத்திருந்தேன். தனிமையில் சொற்களை அடுக்கிவைப்பது எனக்குப் பழக்கம். முட்கிளைகள், சோளம், காது என்று சொல்லவேண்டிய வரிசையைக்கூடத் தீர்மானித்திருந்தேன். கீழே நின்ற படப்பிடிப்பாளர் பக்கவாட்டில் எடுத்த படத்தையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றேன்.

தங்கை வீடு முழுவதும் கழுவி முடித்து, ஈரக் கையோடு வந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள்.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டோ ஏறினனீங்கள்?”

“ஓம்.”

அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். இனி உட்காருவாள், கேட்பாள் என்று எண்ணினேன். அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“என்னடி செய்யிறாய்?”

“சாமித்தட்டில உயிரோட இருக்கிற ஆக்களின்ர படம் வைக்கக்கூடாது, அக்கா.”

யானையின் முதுகோரமாக, மிகுந்த கவனத்தோடு, வளைத்து வளைத்து வெட்டினாள். யானை தட்டுக்குப் போயிற்று. அதற்கு ஒரு செவ்வரத்தம்பூவும் கிடைத்தது. மிஞ்சிய மேற்பகுதியை என்னிடம் நீட்டினாள். அதில் பாகனும் நானும் ஆகாயத்தில் அமர்ந்திருந்தோம்.

“இந்தாங்கோ, சோடிப் படம்! இந்த வயசில இதாவது அமைஞ்சுதே.”

இருவரும் சிரித்தோம். அதற்குள் அவளுடைய தொலைபேசி ஒலித்தது. ரொறன்ரோவிலிருந்து அழைப்பு, நீண்டது. தேநீரைக் குடித்து முடித்து எழுந்தேன். அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி வாசல்வரை வந்தாள்.

“காது சுளகு மாதிரி இருந்ததடி” என்றேன்.

“படத்தில தெரியுதுதானே அக்கா” என்று கனிவோடு சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பும் ரயிலில் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். அவள் கை நேர்த்தியானது. யானையின் ஒரு மயிரைக்கூட என்னோடு விடவில்லை. எனக்குப் பின்னாலிருந்த வெற்றிருக்கையை மட்டும், ஓரம் சிதையாமல், என்னோடு சேர்த்தே வெட்டித் தந்திருந்தாள்.