சாக்குக் குழாயும் என் முதல் கேள்வியும்

அட்டன் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிக்கு நான் போன முதல் நாளே ஆட்கள் என்னைக் கண்டு பயந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் உதவி விரிவுரையாளராக இருந்தேன். ஊர் யாழ்ப்பாணம். பள்ளிக்கூடம் போகாதவர்கள் கருவிகளை எப்படி யோசித்துச் செய்கிறார்கள் என்று அறிந்து, பொறியியல் மாணவர்களுக்கு வடிவமைப்புக் கற்பிக்க அதைப் பயன்படுத்துவதே என் ஆய்வு. ஒல்லி உடம்பில் பெரிய கோட்டு, கையில் கடதாசிக் கட்டு. பயப்படாமல் என்ன செய்வார்கள்!

மேல்மாடியில் பரப்பிய தேயிலைக் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையையே காணோம், எல்லாம் பனிமூட்டம். இளஞ்சூட்டிலும் கொழுந்து வாசனையிலும் கண் சொக்கியது. அரைத் தூக்கத்தில் நடப்பவன்போல் நடந்தேன்.

தரையில் ஒரு துவாரம், அதில் நீளமாய் ஒரு சாக்குக் குழாய். மடங்காமலிருக்கப் பிரம்பு வளையங்கள் தைக்கப்பட்டிருந்தன. வாடிய கொழுந்தைக் கொட்டினால் நேரே கீழே இலையைச் சுருட்டும் ரோலருக்குப் போய்விடும், படியில் சுமக்க வேண்டாம். செய்தவர் லெட்சுமி, அங்கே கொழுந்து பரப்புகிறவர்.

"இதை எங்கை பழகினனீங்கள், அக்கா? ஆர் காட்டித் தந்தது?" என்று பேனாவைத் திறந்தேன்.

அவர் முகம் வெளுத்தது. "நான் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதாங்க பொறந்தாரு."

மறுநாள் குழாயைக் காணோம். பெண்கள் பழையபடி கூடையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கரைக் கேட்டேன்.

"பிரஜாவுரிமை விசாரிக்க வந்த ஆளுன்னு நெனச்சிட்டாங்க சார். எங்க பழகுனேன்னு கேட்டா, இந்தியாவுலயான்னு கேக்குற மாதிரிதானே? கப்பலேத்திருவாங்கன்னு கழட்டிட்டாங்க."

தோட்டத் தமிழரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிப் பிரஜாவுரிமையைப் பறித்திருந்த காலம் அது. ஆய்வு கிடக்கட்டும், அவர்கள் தலையில் மறுபடி சுமை ஏறிவிட்டதே! லெட்சுமியிடம் ஓடினேன்.

"நான் படிப்பிக்கிற ஆள், அக்கா. உங்கடை குழாயைப் பெடியளுக்குக் காட்டத்தான் கேட்டனான்."

அவர் குழாயை எடுத்துவந்து மாட்டினார். நான் வரைந்து முடித்ததும் படத்தின் வெற்று மூலையைக் காட்டி, "மூலையில என்னங்க எழுதுவீங்க?" என்றார்.

"வடிவமைச்ச ஆளின்ரை பேர். வேண்டாமெண்டால் விடுறன்."

"எழுதுங்க. லெட்சுமி. இந்தத் தோட்டத்துல பொறந்தவ, இந்தத் தோட்டத்துலயே பழகுனவ. அதையும் சேத்து எழுதுங்க."

கல்லூரியில் பேராசிரியர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "பொறியியல் படத்திலை பிறந்த இடம் என்னத்துக்கு, தம்பி?"

"நான் கேட்ட கேள்விக்கு அவ தந்த மறுமொழி, சேர்."

அந்த வரியோடுதான் படம் வகுப்பறையில் தொங்கியது. களத்துக்குப் போகும் மாணவர்களிடம், எங்கே பழகினீர்கள் என்று தொடங்காதீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள் என்பேன். லெட்சுமிக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.