சுகந்தி மிஸ்ஸும் ஒன்பது சவர்க்காரப் போத்தல்களும்

என் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகியவன் நான். முதல் இரண்டு வரி முடிவதற்குள் மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன்.

சுகந்தி மிஸ் போய்விட்டார் என்று அவருடைய மகள் வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, கொட்டாஞ்சேனை முதியோர் வகுப்பில் தந்த பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். "சொல்லமாட்டேன் மகள், எழுதியே தருகிறேன்" என்றேன்.

ஆய்வுகூடத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மிஸ் கிருமிப் பரிசோதனை செய்பவர். நான் அங்கே சிற்றூழியன். நோயாளியின் காயத்தில் எடுத்த கிருமியைத் தட்டில் பூசி, மருந்து ஊறிய சின்னக் கடதாசி வட்டுகளை அதன் மேல் வைப்பார். மறுநாள், கிருமியை அடக்கும் மருந்தைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் இருக்கும். அடக்காத மருந்தின் ஓரம் வரைக்கும் கிருமி முளைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் என்ன மருந்து கொடுப்பது என்று டொக்டர் முடிவெடுப்பார். ஒருமுறை முடிவு கேட்டு அவசரப்பட்டு நேரிலேயே வந்த ஒரு பெரிய டொக்டருக்கு மிஸ் கதிரை எடுத்துப் போட்டார். "இருந்து பாருங்கோ டொக்டர். நீங்கள் பார்த்தால் கெதியா முளைக்குதோ தெரியாது. காணாததை நான் எழுதமாட்டன்."

பார்த்து முடிந்த தட்டுகளைச் சேர்த்து, கிருமி சாக அவிக்கக் கொண்டுபோவது என் வேலை. பெயர்களை வாசிக்கத் தெரியாததால் வளையங்களைப் பார்ப்பேன். ஒரு கிழமை, ஒரு தட்டில் இரண்டு வளையங்கள் ஒன்றை ஒன்று இழுத்து, சாவி ஓட்டை போல நின்றன. மற்ற வட்டுகளில் ஒன்றைத் தவிர எதற்கும் வளையமே இல்லை.

"மிஸ், இந்த ஆளை நான் திங்கட்கிழமையும் பார்த்தேன்."

"எந்த ஆளண்ணை?"

"இந்தத் தட்டு. நேற்றும் வந்தது."

"பேர் வேற, கட்டில் வேற. முகம் மட்டும் ஒண்டோ?" என்று சிரித்தார்.

அந்தக் கிழமை முழுதும் அவிக்கச் சேர்த்திருந்த வாளியிலிருந்து அதே போன்ற இன்னும் மூன்று தட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அளந்து பார்த்தவர் பிறகு சிரிக்கவில்லை. நான்கும் ஒரே சத்திரசிகிச்சை வார்ட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் வாசித்ததால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த வார்ட்டில் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒருவர், வயிற்றுக் காயம் மூடாமல் படுத்திருந்தார். அவருக்கு வேலை செய்யக்கூடிய மருந்து ஒன்றுதான் மிச்சம்.

மிஸ் தானே வார்ட்டுக்குப் போனார். தள்ளுவண்டி, குழாய், கட்டில் என்று எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார். "எங்கட வார்ட் சுத்தம்" என்று சிஸ்டர் கோபித்தார். ஒன்றும் முளைக்கவில்லை. "அப்ப சரியான இடத்தை இன்னும் தொடேல்லை" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் முறை, கை கழுவும் இடங்களில் இருந்த ஒன்பது சவர்க்காரப் போத்தல்களையும் தொட்டார். ஏழில் சாவி ஓட்டை வந்தது.

வார்ட்டில் ஆள் குறைவு என்பதால், தினமும் காலையில் அந்தப் போத்தல்களை நிரப்பியது நான்தான். பாதி குறைந்ததும் பழையதின் மேலேயே ஊற்றுவேன். அடியில் கிடந்த பழையதில்தான் கிருமி பெருகியிருந்தது. சவர்க்காரம் வரும் பெரிய கேனில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கொம்பனி ஒட்டியது என்று நினைத்திருந்தேன்.

யார் நிரப்புவது என்று தலைமை டொக்டர் கூட்டத்தில் கேட்டார். கடதாசியில் இருந்தபடி செய்ய மறந்துவிட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஐயா. அந்தக் கடதாசியை வாசிக்க எனக்குத் தெரியாது" என்றேன். அத்தனை வருஷம் மறைத்தது அன்றைக்கு வெளியே வந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

மிஸ் எழுந்தார். "கழுவிக் காயவிட்டு ஊற்றச் சொல்லி ஒட்டினது நான். இங்கிலீசில ஒட்டினனான். வாசிக்கத் தெரியுமோ எண்டு இவரை ஒருநாளும் கேட்கேல்லை. பிழையெண்டால் ரெண்டு பேரின்ர பேரையும் எழுதுங்கோ."

யாருடைய பெயரையும் எழுதவில்லை. போத்தல்களை எறிந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வார்ட்டிலிருந்து சாவி ஓட்டை வரவில்லை. மூட்டை தூக்குபவர் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் மிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்பார். "வகுப்புக்குப் போனீங்களோ அண்ணை?"

"மழை மிஸ்."

"கொட்டாஞ்சேனையில மட்டும் மழையோ? வெள்ளவத்தையில வெயில் எரிக்குது."

அவரிடம் சொல்ல மழையும் தீர்ந்தபோதுதான் போனேன்.

ஒன்றும் முளைக்காத நாளில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைத்தான் அவரிடமிருந்து நான் வைத்திருக்கிறேன். போன கிழமை அந்த வார்ட்டுக்குப் போனேன். கேனில் ஒட்டுவதற்கு "போத்தலைக் கழுவு. காயவிடு. பிறகு ஊற்று" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து சரிந்திருந்தும் சிஸ்டர் அப்படியே ஒட்டினார். அடுத்த கிழமை நேராக எழுதிக் கொண்டுபோவேன். ஒட்டுவதற்கு முன், இப்போது போத்தல் நிரப்பும் பெண்ணிடம் கேட்பேன்: "தங்கச்சி, வாசிக்கத் தெரியுமா?"