ராதோய்கா தனியாகப் போன வியாழக்கிழமை

ராதோய்காவை நான் முதன்முதலில் பார்த்தது பேருந்தில். அந்தப் பேருந்தில் ஏறும் எண்ணமே அவருக்கு இல்லை.

பட்டச் சான்றிதழை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, நோவி சாத் நகரத்தில் வேலைக்குச் சேர வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சோளம் விளையும், பன்றி கொழுக்கும். பட்டம் விளைந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அந்த உறையை நான் சன்னல் பக்கமாகத் திருப்பி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். ஒரு நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கிடாய் போல இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டு, புண்ணியம் செய்த முகத்தோடு கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

"நான் கையுறை மாட்டிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான் செஞ்சேன்" என்றார் அவர், பேருந்து முழுவதையும் பார்த்து.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட மூன்று பேர் எழுந்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏற்றின இடத்தில் இறக்கினால் போதும், இன்னோர் ஊரில் இறக்கி உபகாரம் பண்ண வேண்டாம் என்றார். பேருந்து ஒரு சுற்று சுற்றித் திரும்பியது. வேடிக்கை பார்த்ததில் நானும் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

நான் சேர்ந்த வேலை, நடைப்பயணம் போகிறவர்கள் வைத்திருந்த நடையர் சங்கத்தில். நகரத்திலிருந்து டான்யூப் ஆற்றோரமாக, கோட்டைக்குக் கீழே புகுந்து, பக்கத்து ஊரான கார்லோவ்சி வரைக்கும் எல்லோரும் போகக்கூடிய நடைபாதை ஒன்றைச் சங்கம் போட்டுக்கொண்டிருந்தது. கைத்தடி, குழந்தை வண்டி, சக்கர நாற்காலி எதுவானாலும் போகலாம் என்பது பேச்சு. அந்தப் பாதையில் யாரை விசாரித்தாலும் கடைசியில் ராதோய்காவின் பெயரில்தான் வந்து நின்றார்கள். மீதிக் கதை அப்படித் தெரிந்ததுதான்.

ராதோய்காவுக்கு அப்போது அறுபத்தொன்று. கோடையில் நகரத்து ஆற்றங்கரைக் குளியலிடத்தில் டிக்கெட் கொடுப்பவர். டிக்கெட் இல்லாமல் நுழையப் பார்த்தவனை அவர் சன்னலுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில், நடு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தவன் திரும்பி வந்து தன் டிக்கெட்டைக் காட்டினான் என்பார்கள். நாற்பது வயதில் செர்ரி மரத்திலிருந்து விழுந்தவர். அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அந்த வருஷம் பழம் நல்ல பழம்.

அவருடைய குறை கால் அல்ல. திஹோமிர்.

திஹோமிர் கார்லோவ்சியில் தேனீ வளர்ப்பவர். மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர். பேசுவது சொட்டுச் சொட்டாக. ஒரு கண்காட்சியில் ராதோய்கா அவரிடம் மெழுகுவத்தி வாங்கினார். மறு வாரமும் வாங்கினார். வீட்டில் மின்சாரம் இல்லையோ என்று அவர் கவலைப்பட்டு விசாரித்தார். அங்கே ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராதோய்கா அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் இருவரும் தனியாக ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

காரணம், ஸ்தேவா.

பாதையில் மற்ற இடமெல்லாம் சமதளம். ராதோய்கா கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போவார். கார்லோவ்சிக்குச் சற்று முன்னால், ரயில் மேட்டுக்குக் கீழே நுழையும் இடத்தில் மட்டும் நான்கு படி. படிக்குப் பக்கத்தில் ஸ்தேவாவின் கடை. காப்பி, ராக்கியா என்ற பழச்சாராயம், வறுத்த பன்றிக்கொழுப்பு எல்லாம் கிடைக்கும். கடை வாசலில் எப்போதும் நாலைந்து ஆண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி தலை தெரிந்ததும் எழுந்துவிடுவார்கள். ஸ்தேவா பீப்பாய் உருட்டி வளர்ந்த உடம்பு. இன்னொருவனைப் பேருக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவனே தூக்கி இறக்கிவிடுவான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. இறக்கிவிட்டவரைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஆகவே ஸ்தேவா திஹோமிர் வீட்டு வாசல்வரை வருவான். வாசல்வரை வந்தவனை உள்ளே கூப்பிடாமல் அனுப்புவதும் மரியாதை இல்லை. உள்ளே வந்தவனுக்குக் காப்பி மட்டும் கொடுத்தால் ஊர் சிரிக்கும். திஹோமிரின் தேன் ராக்கியா ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பேர் போனது. திரும்பும்போது அதே நான்கு படியில் ராதோய்காவை ஏற்ற வேண்டுமே, எனவே ஸ்தேவா காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனின் கிண்ணம் காலியாக இருக்கலாமா? இப்படியாக ஒவ்வொரு வியாழனும் திஹோமிர் ஒரு பக்கம், ராதோய்கா ஒரு பக்கம், நடுவில் ஸ்தேவா உட்கார்ந்து தன் முழங்கால் வலி, மருமகனின் டிராக்டர், ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் பேசிவிட்டு எழுவான்.

ராதோய்கா டாக்ஸியில் போய்ப் பார்த்தார். ஓட்டுநர் ஸ்தேவாவின் மைத்துனன், அவனுக்கும் தேன் ராக்கியா பிடித்திருந்தது. திஹோமிரை நகரத்துக்கு வரச் சொல்லிப் பார்த்தார். எங்கள் வழக்கப்படி அவர் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். ஆண் செருப்பைப் பார்த்த மாடிக்காரிகள் ஒவ்வொருத்தியாகச் சர்க்கரை கடன் கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொலைபேசியிலோ திஹோமிர் வானிலை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவர் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்து வந்து போகிறது என்பது மட்டும் ராதோய்காவுக்குத் தெரியும். வாயைத் திறப்பார், ஸ்தேவா கிண்ணத்தை நீட்டுவான், கேள்வி ராக்கியாவோடு உள்ளே போய்விடும்.

இந்த நிலைமையில்தான் சங்கத் தலைவர் ஒப்ராத் ராதோய்காவைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிரில் நிற்பவர் வாயைத் திறக்க முடியாது என்ற பழக்கத்திலேயே பேசுகிறவர். சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் வந்து "போகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை வைத்துவிடலாம் என்றார்.

"நாலு படி இருக்கே" என்றார் ராதோய்கா.

படி இருக்கிறதுதான், ஆனால் அங்கே எப்போதும் ஆள் இருக்கிறார்கள், ஆகவே படி இல்லாத மாதிரிதான் என்றார் ஒப்ராத். சாய்தளம் போடாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று ராதோய்கா சொல்லிவிட்டார். இதைப் பேசித் தீர்க்கக் கூட்டம் கூடியது. எங்கே கூடியது? ஸ்தேவாவின் கடையில்.

சாய்தளத்துக்கு முதல் எதிர்ப்பு ஸ்தேவாவிடமிருந்துதான். அவன் உண்மையிலேயே மனம் புண்பட்டுப் போயிருந்தான்.

"ஏன்க்கா, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

மழை நாளில் என்ன செய்வது என்று ராதோய்கா கேட்டார். குடை பிடித்துக்கொண்டு தூக்குவதாகச் சொன்னான். பனி நாளில்? உப்புப் போட்டுவிட்டுத் தூக்குவான். கடை மூடியிருந்தால்? சன்னலில் கல்லெறிந்தால் போதும். உனக்கும் வயதாகிறதே தம்பி என்றார் கடைசியாக. அதுதான் வினையாகிப் போனது. வயதைச் சொன்னதும் ஸ்தேவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்தான், குனிந்தான், நாற்காலியோடு ராதோய்காவைத் தூக்கி, கூட்டத்துக்கு நடுவில் தன் நெஞ்சுயரத்துக்கு நிறுத்தினான். கூட்டம் கைதட்டியது. பலகையை ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிடலாம் என்று ஒப்ராத் அறிவித்தார்.

ராதோய்கா மேலிருந்து எல்லோரையும் பார்த்தார். எல்லோருடைய வழுக்கையும் தெரிந்தது. இந்த ஊரில் தன்னால் ஒரு ரகசியத்தோடு வாழ முடியாது, ரகசியம் இல்லாமலாவது வாழலாம் என்று அந்த உயரத்தில் அவருக்குத் தோன்றியது.

"ஸ்தேவா, அந்த மனுஷன் ரெண்டு வருஷமா என்கிட்ட ஒண்ணு கேக்கப் பாக்குறாரு. நான் பதிலோட போறேன், பதிலோட திரும்பி வர்றேன். ஏன்னா ஒவ்வொரு தடவையும் நடுவுல நீ உக்காந்திருக்கே."

கைதட்டல் நின்றது. ஸ்தேவா அவரைக் கண்ணாடிச் சாமான் போல மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைத்தான். யோசித்தான். பிறகு நல்லெண்ணத்தோடு சொன்னான்:

"என்ன கேக்கணுமாம்? வேணும்னா நான் போய் கேட்டுட்டு வந்து சொல்றேனே."

அவன் மனைவி விதோசவா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை தர்மம் பண்ணிட்டு வர்றேன்னியே, இதான் அந்தத் தர்மமா? ரெண்டு பேர் குடும்பத்துக்கு நடுவுல உக்காந்து குடிச்சிட்டு வர்றதா?"

அதற்குப் பிறகு யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே ஆண்கள் கூடினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் வேலைக்கு ஊரே கைகொடுப்பது உண்டு. செய்யும் வேலை ஊருக்குத் தெரிந்த வேலையாக இருந்துவிட்டால் நல்லது. கார்லோவ்சிக்காரர்களுக்குத் தெரிந்த சாய்தளம் திராட்சை மதுக் கிடங்கில் பீப்பாய் இறக்குவது. அதே மாதிரி போட்டு, வழவழவென்று பூசி, பெருமையாக ராதோய்காவை அழைத்தார்கள். அவர் மேலே நின்று எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எறங்கினா திஹோமிர் வீட்ல நிக்க மாட்டேன். பெல்கிராட்ல போய்த்தான் நிப்பேன்."

உடைத்தார்கள். மெல்லிய சரிவாகப் போட்டால் நீளம் வேண்டும், நீளத்துக்கு இடம் வேண்டும். ஸ்தேவாவின் கடை வாசலில் கிடந்த இரண்டு மேசைகளும் போயின. அவற்றில் ஒன்றில்தான் அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீட்டாடி வந்தான். ஒன்றும் சொல்லாமல் தானே தூக்கிக் கொண்டுபோய் உள்ளே போட்டான். சிமெண்ட் காயும் மட்டும் யாரும் அதன்மேல் போகாதபடி பின்னால் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து காவலும் இருந்தான்.

அடுத்த வியாழன் வந்தது. ராதோய்கா நீலப் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பாலம் தாண்டினார், கோட்டை தாண்டினார். எங்கேயோ ஏதோ தப்பாக இருந்தது. தூண்டில் போடுகிறவர்கள் அவரைக் கண்டதும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோட்டத்தில் களை பறித்தவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. எப்போதும் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்கும் தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய்விட்டார். உதவி செய்துவிடக்கூடாது என்று ஊரே சத்தியம் செய்திருந்தது. வணக்கம் சொன்னாலே உதவியாகிவிடுமோ என்று பயம். ஸ்தேவாவின் கடை சன்னல் பலகை பகலிலேயே சாத்தியிருந்தது.

சாய்தளத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினார். அடியில் தண்ணீர் போக ஒரு கம்பிச் சல்லடை வைத்திருந்தார்கள். முன்சக்கரம் ஒன்று அதில் போய் மாட்டிக்கொண்டது.

முன்னே தள்ளினார். பின்னே இழுத்தார். வரவில்லை. தன்மானத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஸ்தேவா!"

பலகைக்குப் பின்னால் ஏதோ இடிபட்டு உருண்டது.

"ஸ்தேவா, உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

"நாங்க இங்க இல்லக்கா" என்றது பலகை.

உள்ளே விதோசவா அவன் இடுப்புவாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாளாம். கயிற்றில் கட்டிய நாய் மாதிரி அவன் திமிறினானாம். இதை அவளே எல்லோரிடமும் சொன்னாள். வெளியே ராதோய்கா எங்கள் மொழியில் இருக்கிற வசவுகளில் நல்லவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே உடம்பை இடமும் வலமுமாக ஆட்டினார். சக்கரம் சட்டென்று விடுபட்டது. ரயில் மேட்டுக்குக் கீழே இருட்டில் புகுந்து அந்தப் பக்க வெயிலில் வெளியே வந்தபோது, தன் நாற்காலியின் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார்.

திஹோமிர் தோட்ட மேசையில் மூன்று கிண்ணம் வைத்திருந்தார். வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஸ்தேவா வரலையா?"

"வரல."

"உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கான்."

திஹோமிர் உட்கார்ந்தார். எழுந்து கூட்டுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஸ்தேவாவின் காலி நாற்காலியைப் பார்த்தார். இரண்டு வருஷமாக இவனால்தானே பேச முடியவில்லை என்று நினைத்திருந்தவர், இவனால்தான் பேசாமல் தப்பித்துக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் கண்டுபிடித்தார். ராதோய்கா வாய்க்கு வந்ததை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட் சன்னலில் இருந்த காலம் முழுவதும் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் திஹோமிர். "உங்களுக்குத் தேன் பிடிக்காதுதானே?"

ராதோய்கா அவரையே பார்த்தார். "பிடிக்காது. அது பக்கத்துலயே போகமாட்டேன்."

"எனக்கும் பிடிக்காது" என்றார் திஹோமிர். "யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ராதோய்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள், அடங்கினால் தைரியம் போய்விடும் என்று தெரிந்தவர் போல, மீதியையும் கேட்டுவிட்டார். மீதி காலம் சேர்ந்து இருக்கலாமா என்று.

"இருக்கலாம்" என்றார் ராதோய்கா. "ஆனா உங்க ஊர்த் தெருவெல்லாம் உருளைக்கல்லு. என் வீட்ல லிஃப்ட் ஓடுது. நீங்களும் அங்க வந்து இருக்கணும்."

தேனீக்களை யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். அதற்குத்தானே பாதை போட்டிருக்கிறார்கள் என்றார் இவர்.

வெயில் சாய்ந்ததும் திஹோமிர் கூடவே கிளம்பினார். சாய்தளத்தில் ஏறும்போது ஊர்ப் பழக்கத்தில் நாற்காலியின் கைப்பிடிக்கு நீண்ட கையைத் தானே அடித்து இறக்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். நகரம் வரைக்கும் அப்படியே நடந்து வந்தார். சன்னல் பலகைகள் ஒவ்வொன்றாக ஒரு விரல் அகலம் திறந்தன.

ராதோய்காவுக்கு இப்போது அறுபத்துநான்கு. போன இலையுதிர்காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். குளிர்காலத்தில் நகரத்து வீட்டில் இருக்கிறார்கள், தேனீக் காலத்தில் கார்லோவ்சியில். கோடை வந்தால் ராதோய்கா காலையில் பாதை வழியாகப் போய் டிக்கெட் சன்னலில் உட்காருகிறார், மாலையில் அதே பாதையில் திரும்புகிறார்.