கொரிந்துக்காரரின் இறைச்சியும் சிவலட்சுமியின் கேள்வியும்

சிவலட்சுமிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. ஸ்கந்தபுரத்தில் விடிய எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறவள். கை மாவைப் பிழிந்துகொண்டிருக்க, வாய் யாரையாவது குடைந்துகொண்டிருக்கும். உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தால் குற்றம் விற்றவனுக்கா, நேர்த்திக்கடன் வைத்தவளுக்கா என்று ஒருமுறை கோயில் ஐயரிடம் கேட்டாள். ஐயர் திருநீற்றைக் கையில் போட்டு அனுப்பிவிட்டார். பதில் இல்லாமல் வீடு திரும்புவதென்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

சில வருடங்களுக்கு முன் டெங்கு வந்து படுத்தபோது ஊர்ச் செபவீட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் கஞ்சியோடு வந்தார்கள். கஞ்சியைக் குடித்தவள் அவர்களிடம் வேதப்புத்தகத்தையும் கேட்டு வாங்கினாள். அங்கே கேள்வி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்று கண்டதும் ஞாயிறு தவறாமல் போனாள். மெல்ல மெல்ல விசுவாசமும் வந்தது, அதில் பொய்யில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் ஞானஸ்நானமும் எடுத்தாள்.

வில்லங்கம் சோற்றில் வந்தது. தங்கை சுமித்திராவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டிலிருந்து இந்த இருவரையும் இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுவந்து, காடு வெட்டி வளர்த்த அம்மா இறந்துபோனாள். திவசத்தைச் சுமித்திராதான் செய்தாள். முதல் வருடம் வாழையிலையால் மூடிய தட்டோடு அக்காவின் வேலிப் படலைக்கு வந்து நின்றாள்.

“படைச்சது எனக்கு வேண்டாம். நாங்கள் தின்னக்கூடாது” என்றாள் சிவலட்சுமி. செபவீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் படலையைத் திறக்கவுமில்லை. வேலிக்கு மேலாலேயே கையை ஆட்டி மறுத்துவிட்டாள். அன்றோடு சுமித்திரா பேச்சை விட்டாள். ஒரு வருடம் முழுக்க, தங்கை கிணற்றில் வாளி போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிவலட்சுமிக்கு அது பெரிய வேதனை. இந்த ஊரில் அவளுக்கு வேறு இரத்த உறவு கிடையாது.

மூன்றாவது திவசம் நெருங்கியபோதுதான் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம் அவள் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டி வாசித்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்திலும் இதே சண்டையா? விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்னலாமா என்று அங்கேயும் சனம் பிடுங்குப்பட்டிருக்கிறது. சாப்பாடு யாரையும் கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை, தின்னாவிட்டால் குறைவுமில்லை, தின்றால் கூடுதலுமில்லை என்கிறார் பவுல். ஆனால் நான் தின்பதால் என் சகோதரன் இடறுவானென்றால் இறைச்சியையே தொடமாட்டேன் என்றும் சொல்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செபவீட்டு நிஷாந்தன் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். அவர் வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

“பாஸ்டர், நான் தின்னுறதால ஒருத்தர் இடறினா தின்னக்கூடாது. சரி. நான் தின்னாததால ஒருத்தி இடறினா?”

பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். “அப்பிடி ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை அக்கா. செபிச்சுப் பாருங்கோ.”

“செபிச்சனான். தங்கச்சியின்ர முகம்தான் வருது.”

“அப்ப என்னட்ட ஏன் கேக்கிறியள்?” என்று சிரித்தார் அவர்.

திவசத்தன்று மத்தியானம் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். போ வெளியே என்று சொல்லிவிட்டால் பிறகு ஆயுளுக்கும் அவ்வளவுதான். அம்மாவின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலையில் சோறு, மரக்கறி, வடை, பாயசம். கற்பூரம் அணைந்திருந்தது.

“என்ன?” என்றாள் சுமித்திரா, திரும்பாமலே.

“சாப்பிட வந்தனான்.”

“படைச்சதை நீ தின்னமாட்டியே.”

“தின்னுவன். போடு.”

சுமித்திரா குசினிக்குள் போனாள். இலையால் மூடிய ஒரு தட்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

“இதைத் தின். இது படைக்காதது. படைக்க முதல் உனக்கெண்டு எடுத்து வைச்சது.”

சிவலட்சுமி திகைத்துப்போனாள். அவர்கள் வீட்டில் படைப்பதற்கு முன் உப்புக்கூடப் பார்ப்பதில்லை. சின்ன வயதில் ஒரு வடையைக் கிள்ளியதற்கு அம்மா அகப்பைக் காம்பால் போட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது. சுமித்திராவோ ஒரு பொட்டு விரதம் பிசகாதவள்.

“அப்பிடி எடுக்கக்கூடாதெல்லோ?”

“கூடாதுதான். அம்மாட்டச் சொல்லிப்போட்டு எடுத்தனான்.”

“அப்ப அந்த ரெண்டு வருசமும் கொண்டுவந்தது?”

“அதுவும் எடுத்து வைச்சதுதான்.”

சிவலட்சுமிக்கு முகம் சுட்டது. படலையில் நின்ற தங்கையும், தான் ஆட்டிய கையும் கண்ணுக்குள் வந்தன.

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை?”

சுமித்திரா முதல் தடவையாக அக்காவின் முகத்தை நேரே பார்த்தாள். “ஊரெல்லாம் கேள்வி கேக்கிறனி. என்னட்டை ஒருக்கா, என்ன கொண்டு வந்தனியெண்டு கேட்டனியே?”